முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது யார் வேலை?

அடையாறு முகத்துவாரத்தைச் சீரமைக்க அரசு திட்டம் என்று செய்தி வரும்போது, அந்த 'அரசு' யார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. மணலை வெட்டுவது ஒரு துறை, ஆற்றில் கழிவுநீர் கலப்பதை நிறுத்த வேண்டியது இன்னொரு துறை, கரையில் செடி நடுவது மூன்றாவது, அங்கே எதையாவது கட்டலாமா கூடாதா என்று சொல்வது நான்காவது, இவர்களையெல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதற்கென்றே தனியாக ஓர் அமைப்பு. இது புரியாவிட்டால் திட்டம் நன்றாக நடக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரியவே தெரியாது, தெரிந்தாலும் யாரைக் கேட்பது என்று தெரியாது. அதனால் முதலிலிருந்தே பார்ப்போம், முன்னறிவு எதுவும் தேவையில்லை.

கழிமுகம் என்பது ஆறு கடலில் சேரும் இடம். வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தாலும் நேரில் அது சில கிலோமீட்டர் நீளத்துக்கு நன்னீரும் உப்புநீரும் கலந்து கிடக்கிற பகுதி. நம் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் வரும், வற்றும்போது அழுக்கையும் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கே உயிரோடு இருக்கிற எல்லாமே இந்த வரத்துப்போக்கை நம்பித்தான் இருக்கின்றன. வெள்ளை இறால் கரையைத் தாண்டிக் கடலில் முட்டையிடும், ஆனால் அதன் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்துதான் வளரும், வளர்ந்த பிறகு திரும்பக் கடலுக்குப் போகும். மடவையும் கொடுவாவும் நண்டும் இப்படியே உள்ளே வெளியே போய் வருபவை. சேற்றில் புழுக்கள், அந்தப் புழுக்களைக் கொத்த வரும் உள்ளான் பறவைகள், கரையோரத்தில் உப்பைத் தாங்கி நிற்கும் உமரிச் செடியும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரமும், இத்தனைக்கும் ஆதாரம் தண்ணீர் வந்து போவது.

ஆகவே கழிமுகத்தை மீட்பது என்றால் முதல் வேலை அந்தத் தண்ணீரின் வழியை மீட்பது. மரம் நடுவது, நடைபாதை போடுவது, பெயர்ப்பலகை வைப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான். இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும், எந்தத் துறை எதைச் செய்கிறது, எது உண்மையான மீட்பு, எது வெறும் பூங்கா என்று பிரித்துப் பார்க்க வந்துவிடும்.

அடையாற்றையே எடுத்துக்கொள்வோம். சுமார் 42 கிலோமீட்டர் ஓடி, சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகர் பக்கத்துக்கும் நடுவே கடலில் சேர்கிறது. உடைந்த பாலம் என்று எல்லோரும் படம் எடுக்கப் போகிற இடம்தான். அங்கே வருடத்தில் பல மாதம் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு ஒன்று படுத்துக் கிடக்கும். காரணம் இது. சென்னைக் கரையோரம் அலைகள் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும், மொத்தக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழுப்பியபோது அந்த மணல் தெற்குப் பக்கம் தேங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமானது, மணல் கிடைக்காமல் போன ராயபுரம் பக்கம் கரை அரித்தது. ஆற்றின் வாயிலும் இதே மணல்தான் வந்து சேர்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வரும்போது ஆறு அதை உடைத்துத் தள்ளிவிடும். மழை முடிந்ததும் ஆற்றில் வேகம் இருக்காது, அலை கொண்டுவந்து போடுவதைத் தள்ளிவிட ஆள் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக வாய் குறுகி அடைபடும்.

அடைபட்டால் என்ன ஆகும்? கடல்நீர் உள்ளே வராது. உள்ளே இருக்கும் நீர், அதில் பெரும்பகுதி நகரத்தின் கழிவு, அப்படியே நின்று கறுத்து நாறும். நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும். பெருமழை வந்தால் வெள்ளம் வெளியேற இடமில்லாமல் பின்னால் ஏறும். அதனால் நீர்வளத்துறை பொக்லைன்களை இறக்கி மணல்திட்டை வெட்டித் திறக்கிறது, குறிப்பாகப் பருவமழைக்கு முன்பு. நீர்வளத்துறை என்பது 2021 வரை பொதுப்பணித்துறைக்குள் இருந்தது. ஆறு, ஏரி, கால்வாய், மதகு, வெள்ளம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. வெட்டிய கால்வாய் வழியாகக் கடல்நீர் முதல்முறை உள்ளே ஏறும்போது பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும், கறுப்பு நீரின் ஓரத்தில் தெளிந்த நீர் நாக்கு மாதிரி நுழையும், கொக்குகள் அந்த இடத்துக்கு வந்து நின்றுவிடும். ஆனால் சில வாரத்தில் அலை மறுபடியும் மணலைக் கொண்டுவந்து போடும். இது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை கிடையாது.

சரி, நீர்வளத்துறை வாயைத் திறந்துவிட்டது. ஆற்றில் வருவது கழிவுநீர் என்றால் திறந்து என்ன பயன்? கழிவுநீர் சென்னைக் குடிநீர் வாரியத்தின் கையில் இருக்கிறது, நாம் மெட்ரோ வாட்டர் என்கிறோமே அதுதான். குழாய் போட்டு, சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், சுத்தம் செய்து விட வேண்டியது அவர்கள். ஆனால் ஆற்றில் கழிவு வந்து விழுவது பல இடங்களில் மழைநீர் வடிகால் வழியாக, அந்த வடிகால் மாநகராட்சியுடையது. வீட்டுக்காரர் கழிவுநீர் இணைப்பை மழைநீர் வடிகாலில் விட்டிருந்தால் அதைக் கண்டுபிடித்து அடைப்பது யார் என்பதில் இரண்டு அலுவலகமும் சேர்ந்து வேலை செய்தால்தான் உண்டு. ஆற்றங்கரைக் குப்பை மாநகராட்சி. மேலே பல்லாவரம், அனகாபுத்தூர் பக்கம் போனால் வேறு உள்ளாட்சி, அவர்கள் விடும் கழிவும் இங்கேதான் வரும். தொழிற்சாலைக் கழிவு என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியம், 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் அவர்களுக்கு ஆலையை மூடும் அளவுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது.

கரையில் குடியிருப்போரை அப்புறப்படுத்தி வேறு வீடு கொடுப்பது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், பழைய குடிசை மாற்று வாரியம். இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். ஆற்றோரத்திலிருந்து எடுத்த குடும்பங்களைப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று நகரத்தின் விளிம்புக்கு அனுப்பினார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே இருக்க, வீடு மட்டும் தூரத்தில். அதே ஆற்றின் மேல் சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை பாலம் கட்டிப் போடப்பட்டிருக்கிறது. ஆற்றின் இடத்தை ஆற்றுக்குத் திருப்பித் தருவது என்றால் அந்தக் கணக்கில் ஏழையின் வீடு மட்டும் வருவது நியாயமே இல்லை.

இத்தனை பேரை ஒருங்கிணைக்கத்தான் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. இது தமிழ்நாடு அரசின் அறக்கட்டளை, தனியார் தொண்டு நிறுவனம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 2006-இல் அடையாறு பூங்கா அறக்கட்டளையாகத் தொடங்கி, 2010-இல் நகரின் மற்ற ஆறுகளையும் சேர்த்துப் பெயர் மாறியது. முதல் வேலை, அடையாற்றின் கிளைக் கழியில் இருந்த 58 ஏக்கர். கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த இடம். இடிபாட்டை அள்ளி, நிலத்தை ஆழப்படுத்தி, கடல்நீர் வந்து போக வழி செய்து, அதன் பிறகு செடிகளை வைத்தார்கள். 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். வேலை நடந்த வரிசையைக் கவனியுங்கள், முதலில் நீர், பிறகுதான் செடி. அடுத்து கழிமுகத்தின் மற்ற பகுதி, சுமார் 300 ஏக்கர். அறக்கட்டளைக்குத் திட்டம் போடவும் பணம் பிரித்துக் கொடுக்கவும் கண்காணிக்கவும் முடியும், ஆனால் பொக்லைனும் குழாயும் மற்ற துறைகளின் கையில். அதனால் ஒரு துறை தாமதித்தால் மற்ற எல்லோர் வேலையும் நிற்கும். கழிவுநீர் அடைபடாத ஆற்றில் எவ்வளவு கண்டல் நட்டாலும் ஆறு ஆறாகாது.

அடுத்தது, எதையும் செய்யாமலே காப்பாற்றும் துறைகள். வேண்டாம் என்று சொல்வதுதான் அவர்கள் வேலை. 1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கொண்டுவந்தது. கடல் ஏறும் உச்சக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும், ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், எட்டும் ஆறுகளின் கரையில் குறிப்பிட்ட தூரம் வரைக்கும் என்னென்ன செய்யலாம் என்று அதில் இருக்கிறது. அலையாத்திக் காடு, சேற்றுத்திட்டு, ஆமை முட்டையிடும் கரை, கடற்புல், பவளப்பாறை எல்லாம் அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் வகை. 2011-இல் புதிய அறிவிக்கை, 2019-இல் மறுபடியும் ஒன்று. ஆற்றோரத்தில் 100 மீட்டராக இருந்த எல்லை 2019-இல் 50 மீட்டராகச் சுருங்கியது. கழிமுகத்துக்கு அந்த ஐம்பது மீட்டர் சின்ன விஷயம் கிடையாது, சேற்றுத்திட்டும் உமரியும் இருப்பது அந்த ஓரத்தில்தான்.

இதை அமல்படுத்துவது மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். அதற்குக் கீழே மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு, அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொல்கிறது. எல்லைக்கோடு எங்கே என்று காட்டும் வரைபடம்தான் இதில் உயிர்நாடி. வரைபடத்தில் ஒரு சேற்றுத்திட்டு விடுபட்டால் சட்டத்தின் கண்ணில் அது இல்லவே இல்லை. வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம், ஊரின் பொதுநிலம் எல்லாம் வரைவில் விடுபட்டிருக்கின்றன என்று மீனவர் கிராமங்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் சண்டை போட்டது இதனால்தான். அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். இன்னொரு தகவல், 2017-இல் வந்த ஈரநில விதிகள் கடலோர மண்டலத்துக்குள் வரும் இடங்களைத் தொடாது. ஆக, ஏரிக்கு ஒரு சட்டம், கழிமுகத்துக்கு வேறு சட்டம்.

இப்போது சென்னையை விட்டுப் பிச்சாவரத்துக்குப் போவோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற அலையாத்திக் காடு, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறையின் கையில் இருக்கிற காடு என்பதால் மேலே சொன்ன இழுபறி இங்கே குறைவு. இங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீட்பு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து நம் ஊரில் இல்லை.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து விறகுக்காக இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள், சில வருடம் விட்டால் தானாக வளரும் என்ற கணக்கில். வளரவில்லை. மரம் போனதும் சேற்று நிலம் வெயிலில் காய்ந்து கீழே அமுங்கியது, நடுவில் தட்டு மாதிரிப் பள்ளம் விழுந்தது. பிச்சாவரத்தில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரைத் தாண்டாது, அதனால் சில சென்டிமீட்டர் பள்ளம்கூடப் பெரிய மாற்றம். ஏறின தண்ணீர் பள்ளத்தில் தேங்கும், வற்றும்போது வெளியே போகாது, வெயிலில் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கும். வருடா வருடம் உப்பு ஏறி ஏறிக் கண்டல் விதைகூட முளைக்காத பொட்டல் ஆனது. ஊர்க்காரர்கள் ஆடுமாடு மேய்த்ததாலும் விறகு வெட்டியதாலும்தான் காடு அழிந்தது என்று பழி அவர்கள் மேல் கிடந்தது.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து இதற்கு மாற்று செய்தார்கள். இயற்கையான கழியிலிருந்து பொட்டலுக்குள் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் சின்ன வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஏறும் நீர் எல்லா மூலைக்கும் போகும், வற்றும்போது முழுக்க வடிந்துவிடும், மண்ணின் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். கன்றை எங்கே நடுகிறார்கள் என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. வாய்க்காலின் அடியில் நட்டால் மூழ்கிச் சாகும், மேட்டில் நட்டால் காய்ந்து சாகும், அதனால் சரிவின் நடுவில், ஏறுநீர் தொட்டுவிட்டு இறங்கும் மட்டத்தில் வெண்கண்டலை நடுவார்கள். மழைக்காலத்தை ஒட்டி நட்டால் உப்பு குறைவாக இருக்கும்போதே வேர் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது தன் மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டும், வேர்களுக்கு நடுவே சேறு படியும், நண்டு வரும், வேறு செடிகளின் விதைகள் மிதந்து வந்து சிக்கும்.

இந்த வாய்க்கால்களும் தூரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேறு அள்ளாவிட்டால் அடைந்துபோய் நிலம் பழைய பொட்டலாகத் தொடங்கும். திட்டங்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். நடும் நாளுக்குப் பணம் இருக்கும், படம் எடுப்பார்கள், நான்காவது வருடம் தூர்வார ஒதுக்கீடு இருக்காது. பிச்சாவரத்தில் ஊர்க்குழுக்கள் கூடவே இருந்ததால் பராமரிப்பைக் கேட்க ஆள் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம், காட்டுக்குப் பின்னால் இருந்ததால் எங்கள் ஊர் தப்பித்தது என்று அந்தப் பக்கத்துக் குப்பங்களில் சொன்னார்கள், அதன் பிறகு கண்டலைக் காக்கச் சொல்லி யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

தெற்கே முத்துப்பேட்டையிலும் இதே மீன்முள் வாய்க்கால் முறைதான், தமிழ்நாட்டின் பெரிய அலையாத்திக் காடு அது. 2018 நவம்பரில் கஜா புயல் அதை முறித்துப் போட்டது. அங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கண்டலுக்கு உப்பு மட்டும் போதாது, மேலேயிருந்து நன்னீரும் வர வேண்டும். முத்துப்பேட்டைக்கு வருவது காவிரியின் கடைமடை நீர், கோரையாறு, பாமணியாறு வழியாக. அந்த நீரைத் திறப்பது நீர்வளத்துறை. வயலுக்குப் பாய்ந்து மிச்சம் இருந்தால் காட்டுக்கு வரும். வனத்துறை எவ்வளவு அழகாக வாய்க்கால் வெட்டினாலும் நன்னீர் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது, கடலில் கலக்கும் நீர் வீண் என்ற பேச்சு நம் ஊரில் இருக்கிற வரைக்கும் காட்டின் பங்கைக் கேட்க ஆளில்லை.

கடலுக்கு உள்ளேயும் இதே வேலை நடக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் கடற்புல்லைக் கோத்து அடியில் இறக்கி வளர்க்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் வான்தீவு, பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அரித்துத் தேய்ந்த தீவு, அதன் முன்னால் செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். முதல் வேலையில் வனத்துறை, இரண்டாவதில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை. மீன்வளத்துறை தனியாக, மீன் சேர்வதற்குச் செயற்கைப் பாறைகள் போடுகிறது.

யாருமே முழுப் பொறுப்பு ஏற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எண்ணூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தது. கடலில் எண்ணெய் கொட்டினால் ஒருங்கிணைப்பது கடலோரக் காவல் படை என்று நாட்டளவில் திட்டம் இருக்கிறது. கழிக்குள், அலையாத்தி வேர்களில் ஒட்டிய எண்ணெயை எடுப்பது யார்? அந்த முதல் நாட்களில் மீனவர்கள்தான் தங்கள் படகில் போய் வெறும் கையாலும் குவளையாலும் அள்ளி டிரம்மில் ஊற்றினார்கள். வலையும் படகும் வீணாகி, பிடிக்க மீனும் இல்லாமல் நின்றவர்கள் அந்த வேலையையும் செய்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத்தான் துறைகள் ஒரே அறைக்கு வந்தன.

பணம் எங்கிருந்து வருகிறது? அலையாத்தி வளர்ப்புக்கான மத்திய அரசின் மிஷ்டி திட்டம் 2023-இல் தொடங்கியது, 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் சேர்த்து ஐந்து வருடத்தில் 540 சதுர கிலோமீட்டர் அலையாத்தி இலக்கு. தமிழ்நாடு 2023-24 பட்ஜெட்டில் கடலோரத்தை மீட்க நெய்தல் மீட்சி இயக்கத்தை அறிவித்தது, உலக வங்கிக் கடனோடு. எந்தத் திட்டத்திலும் ஹெக்டேர் எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்வார்கள். நட்ட பரப்பும் பிழைத்த பரப்பும் ஒன்றல்ல. கண்டலே இல்லாத சேற்றுத்திட்டில் இலக்குக்காகக் கன்று நட்டால் உள்ளான்கள் இரை தேடும் இடம் போய்விடும், அதுவும் சேதம்தான்.

உங்கள் ஊர் முகத்துவாரத்தில் இப்படி ஒரு திட்டம் நடந்தால் நீங்களே விசாரிக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். முகத்துவாரம் கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று நீர்வளத்துறையிடம் கேளுங்கள். ஆற்றில் எத்தனை இடங்களில் கழிவுநீர் விழுகிறது, அதில் எத்தனை அடைக்கப்பட்டன என்று உள்ளாட்சியிடமும் குடிநீர் வாரியத்திடமும். மூன்று வருடத்துக்கு முன் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, வாய்க்கால் தூர்வாரும் ஒதுக்கீடு எவ்வளவு என்று வனத்துறையிடம். உங்கள் ஊர் கடலோர மண்டல வரைபடத்தின் நகல் வேண்டும் என்று மாநில ஆணையத்திடம் கேட்டு வாங்கி, வலை உலர்த்தும் மேட்டையும் சேற்றுத்திட்டையும் அதில் விரல் வைத்துத் தேடுங்கள். விடுபட்டிருந்தால் மாவட்டக் குழுவில் இருக்கிற மீனவர் பிரதிநிதியிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள், அவர் யார் என்பதையும் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.